ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போனால் வீணா? நீர்ச்சூழலியல் படிக்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளம், ஆறு, கழிமுகம், கடல் இவற்றுக்குள் எது எதைத் தின்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, எதை நம்பி வாழ்கிறது என்று பார்ப்பதுதான் நீர்ச்சூழலியல். கல்லூரி முதலாண்டு மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பண்ணைக்குட்டையில் மீன் விட்டவர்கள் என்று பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. உதாரணங்களைப் பெரும்பாலும் தாமிரபரணியிலிருந்தும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் எடுத்திருக்கிறேன். பொதிகையில் ஓடையாகப் பிறந்து, வழியில் குளங்களை நிரப்பி, புன்னைக்காயலில் கடலைத் தொடும் வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். அதற்குள் இந்தப் படிப்பின் பாதிக்கு மேல் கிடக்கிறது.

காட்டைப் படித்தால் போதாதா, தண்ணீரைத் தனியாக ஏன் படிக்க வேண்டும்?

மூச்சுக்காக. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் இருக்கும் குளத்து நீரில், ஒரு லிட்டருக்குக் கரைந்து நிற்பது ஏழரை மில்லிகிராம் அளவுதான். தண்ணீர் சூடேற ஏற அது இன்னும் குறையும், உப்பு கூடினாலும் குறையும். அதே 30 டிகிரியில் கடல்நீரில் ஆறு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவே. நிலத்தில் வாழும் ஆடோ மாடோ ஆக்சிஜனைத் தேடி அலைவதில்லை, மீனுக்கு அதுதான் அன்றாடப் பாடு.

"தண்ணீரிலேயே ஆக்சிஜன் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளாதா?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. நீர் மூலக்கூறில் ஹைட்ரஜனோடு பிணைந்திருக்கும் ஆக்சிஜனைச் செவுளால் பிரிக்க முடியாது. காற்றிலிருந்து கலந்ததும், பாசியும் நீர்ச்செடிகளும் பகலில் விட்டதுமான கரைந்த ஆக்சிஜன்தான் மீனுக்கு உதவும்.

விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, ஏன்?

இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிப் படிப்பு முடிந்தது என்பேன்.

ஒரு சித்திரை மாதம், ஐந்தரை மணி இருக்கும், வற்றி இடுப்பளவு தண்ணீர் கிடந்த ஒரு குளத்தில் மடைப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நீர்ப்பரப்பு முழுக்கத் தூறல் விழுவது போலச் சின்னச் சின்ன வட்டங்கள், ஆனால் வானத்தில் மேகமே இல்லை. குனிந்து பார்த்தால் கெண்டைகள். உடம்பைச் சாய்த்து, வாயை மட்டும் மேலே வைத்து, காற்றை ஒட்டிக் கிடக்கும் அந்த மெல்லிய ஏட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கையில் இருந்த கருவி லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் ஆக்சிஜன் காட்டியது. மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் 11. அதே குளம், அதே தண்ணீர்.

பகலில் பாசி வெயிலைக் கொண்டு ஆக்சிஜனைத் தயாரிக்கிறது, அந்த நேரத்தில் காற்றோடு சமநிலையில் நிற்கும் அளவைத் தாண்டிக்கூட ஏறிவிடும். இருட்டியதும் தயாரிப்பு நின்றுவிடும், மூச்சு விடுவது மட்டும் நிற்காது. மீன், நத்தை, சேற்றிலுள்ள பாக்டீரியா, பகலெல்லாம் ஆக்சிஜன் விட்ட அந்தப் பாசி எல்லாம் சேர்ந்து இரவு முழுக்கச் செலவழித்தால் விடிவதற்குச் சற்று முன்பு கையிருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்கள் சௌக்கியமாக இருக்கும், 2-க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. குளத்து நீரை மதியம் மட்டும் அளந்து "நன்றாக இருக்கிறது" என்று எழுதிய அறிக்கையை நான் நம்புவதில்லை.

ஒரு சின்னக் குறிப்பு. விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் எப்போதுமே மேலே வரும், அவற்றுக்குக் காற்றை நேராக எடுக்கும் உறுப்பு உண்டு. வந்து ஒரு மடக்கு விழுங்கிச் சட்டென்று கீழே போய்விடும். கெண்டை மேலேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் தீவனத்தை நிறுத்திவிட்டு, நள்ளிரவு தாண்டியதிலிருந்து விடியும் வரை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட விடுங்கள்.

கோடை மழை பெய்த மறுநாள் மீன் செத்து மிதக்கிறதே, யாராவது விஷம் கலந்திருப்பார்களா?

சில சமயம் கலந்திருக்கலாம், கழிவு திறந்துவிட்டும் இருக்கலாம், அதை விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் விஷமே இல்லாமலும் இது நடக்கும். மாதக்கணக்கில் தெருவிலும் ஓடையிலும் சேர்ந்த சாணம், சருகு, சாக்கடை எல்லாவற்றையும் முதல் மழை ஒரே அடியாக அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. அதை அழுகவைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்கிறது. அடிச்சேறும் கலங்கி மேலே வருகிறது, மேகம் மூடியிருப்பதால் பாசிக்கும் வேலை இல்லை. மூன்றும் ஒரே இரவில் கூடினால் விடியும்போது மீன் மிதக்கும். பெரிய மீன் முதலில் செத்து, விராலும் தேளியும் பிழைத்திருந்தால் மூச்சுத்திணறல் என்று சந்தேகிக்கலாம். எல்லா இனமும் அளவு வித்தியாசமில்லாமல் பட்டப்பகலில் செத்தால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள், காத்திருக்க வேண்டாம்.

பச்சையாக இருக்கும் குளம் வளமான குளம்தானே?

இளம்பச்சை நல்லதுதான், தண்ணீரில் மிதந்து வாழும் நுண்ணிய மிதவை உயிரிகள் இருக்கின்றன என்று பொருள். பெயின்ட் கொட்டியது போல அடர்பச்சை ஏறி, கரையோரம் நாற்றமும் அடித்தால் ஊட்டம் மிஞ்சிவிட்டது. இதில் பெரிய குற்றவாளி பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோவில் சோதனைக்காகவே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அங்கே 1973-இல் டேவிட் ஷின்ட்லர் குழுவினர் 226 என்ற எண்ணுள்ள ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகப் பொங்கியது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நம் குளங்களுக்கு இது சாக்கடை, சலவைத்தூள், வயலிலிருந்து வழியும் உரம் வழியாக வருகிறது. கடலில் கதை கொஞ்சம் வேறு, அங்கே பல இடங்களில் நைட்ரஜன்தான் முதலில் தட்டுப்படுகிறது.

ஆகாயத்தாமரை ஆக்சிஜன் கொடுக்கும் செடிதானே, ஏன் அகற்றச் சொல்கிறீர்கள்?

கொடுப்பது காற்றுக்கு. இலை மேலே இருக்கிறது, நிழல் கீழே விழுகிறது. பாய் விரித்தது போல மூடியதும் வெளிச்சம் உள்ளே போகாது, காற்றும் தண்ணீரைத் தொடாது. மடிந்த செடி அடியில் அழுகும். அகற்றுவது சரி, ஆனால் சாக்கடை வரத்தை நிறுத்தாமல் ஒவ்வோர் ஆண்டும் ஜேசிபி வைத்து அள்ளிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அதன் சத்து அடுத்த மழைக்கு மறுபடி குளத்துக்குள் போய்விடும்.

ஜிலேபிக் கெண்டை நம்ம ஊர் மீனா?

இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலேப்பியா. இந்தியாவுக்குள் 1952-இல் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், மட்டமான தண்ணீரையும் உப்பையும் தாங்கும். அதனால் குளத்துக்குக் குளம் அதுவே நிறைந்து, உள்ளூர்க் கெண்டை வகைகளுக்கு இடம் சுருங்கிவிட்டது.

பாடப்புத்தகத்தில் ஏரி என்றால் உறைபனி, ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீர் புரள்வது என்று எழுதியிருக்கிறதே, நம் ஏரிக்கும் அப்படியா?

அந்தப் பாடம் குளிர்நாட்டு ஆழமான ஏரிகளைப் பார்த்து எழுதியது. நன்னீரியலைத் தனித் துறையாக நிறுவிய ஃபோரெல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தன் வாழ்நாளை ஜெனிவா ஏரியில் கழித்தவர், அது 300 மீட்டர் ஆழம் உள்ளது. நம் குளமும் கண்மாயும் நிரம்பியிருந்தாலே சில மீட்டர்தான். பகல் வெயிலில் மேல்தண்ணீர் சூடாகிக் கீழ்த்தண்ணீரோடு கலக்காமல் நிற்கும், இரவில் குளிர்ந்து கலந்துவிடும், அதாவது ஆண்டுக்கணக்கில் நடப்பது இங்கே நாள்கணக்கில் நடக்கிறது. காரையாறு, மணிமுத்தாறு போன்ற ஆழமான அணைகளில் மட்டும் அடுக்குகள் நீண்ட நாள் நிற்கும்.

நம் குளங்களின் உண்மையான தனித்தன்மை வற்றுவது. பங்குனி, சித்திரையில் வெடித்துக் கிடக்கும் தரையைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். அந்தக் காய்ந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடிக் குடுவையில் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள். சில நாளில் ஊசிமுனை அளவில் ஏதோ துள்ளும். நீர்த்தெள்ளும் அதன் உறவுகளும் தடித்த ஓடுள்ள முட்டைகளை மண்ணில் விட்டுவிட்டுப் போயிருந்தன, அவை தண்ணீருக்காகக் காத்திருந்தன. நத்தை ஓட்டு வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் கிடக்கும், விராலும் ஈரச்சேற்றில் புதைந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் தூர்வாருகிறோம் என்று குளத்தின் மேல்மண் முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டி எடுப்பதை நான் ஏற்பதில்லை. ஒரு பகுதியையாவது விட்டுவையுங்கள், அடுத்த ஆண்டின் விதை அங்கேதான் இருக்கிறது.

ஓடைத்தண்ணீர் சுத்தமா என்று கருவி இல்லாமல் சொல்ல முடியுமா?

பெருமளவுக்கு முடியும். முழங்கால் ஆழத்தில், தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில், தேங்காய் அளவுள்ள கல்லை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். தட்டையான உடம்போடு, வாலில் மெல்லிய இழைகளோடு, வயிற்றின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்களை அசைத்துக்கொண்டு ஒரு பூச்சிக்குஞ்சு ஓடினால் அது மேப்பூச்சியின் இளம்பருவம். மணலையும் சருகையும் ஒட்டித் தனக்கே கூடு கட்டிக்கொண்டு நகரும் புழுவும் இருக்கலாம். இவை நிறைய இருந்தால் ஆக்சிஜன் தாராளம், கழிவு இல்லை. கீழே நகரத்தை ஒட்டிய இடத்தில் அதே போலச் சேற்றை அள்ளிப் பாருங்கள். ரத்தச்சிவப்பில் நெளியும் புழுக்கள் மட்டுமே இருக்கும். கடிக்காத ஒருவகைக் கொசுப்பூச்சியின் புழு அது, நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் இருப்பதால் மூச்சு முட்டும் சேற்றில்கூடச் சமாளிக்கிறது. கருவி அந்த நிமிடத்தைச் சொல்லும், இந்தப் பூச்சிகள் கடந்த சில மாதங்களைச் சொல்லும். பார்த்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஆற்று மீனைக் கடலில் விட்டால் பிழைக்குமா?

கெண்டை பிழைக்காது. நன்னீர் மீனின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது, தண்ணீர் தானாக உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும், அதனால் அது குடிக்காமலே நீர்த்த சிறுநீரை ஓயாமல் வெளியேற்றும். கடல் மீனுக்கு நேர்மாறு: உடம்பின் தண்ணீர் வெளியே போகும், அது கடல்நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியே தள்ளும். மடவை, கொடுவா, விலாங்கு போன்றவை இரண்டிலும் வாழத் தெரிந்தவை.

ஆற்றுத் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்கிறார்களே, அணை கட்டித் தடுத்தால் என்ன?

ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தியில் இந்த வாக்கியம் வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அதற்கு மேலே அணைகள். விவசாயத்துக்கும் குடிநீருக்கும் தண்ணீர் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு கடலுக்குத் தண்ணீரை மட்டும் கொண்டுபோவதில்லை. மணல் போகிறது, அது நின்றால் கடற்கரை அரிக்கும். சிலிக்கா போகிறது, கடலின் டயாட்டம் பாசிகள் அதில்தான் தங்கள் ஓட்டைக் கட்டுகின்றன. நைட்ரஜனும் பாஸ்பரஸும் போகின்றன, அளவோடு போனால் அதுதான் கரையோரக் கடலுக்கு உணவு. எகிப்தில் 1964-இல் அஸ்வான் உயர் அணையில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். நைல் வெள்ளம் கடலுக்கு வருவது நின்றதும், கழிமுகத்துக்கு வெளியே மத்தி இன மீன்பாடு சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. வெள்ளத்தோடு வந்த சத்தில் பாசி, பாசியை நம்பி மத்தி, மத்தியை நம்பி படகு என்று இருந்த சங்கிலி அது.

அப்புறம், போக்குவரத்து ஒருவழி இல்லை. விலாங்கு ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகும், அதன் குஞ்சுகள் கண்ணாடி போன்ற உடம்போடு கழிமுகம் வழியாக ஆறேறும். பெரிய நன்னீர் இறாலின் குஞ்சு உவர்நீர் இல்லாமல் வளரவே முடியாது. பல கடல் மீன்களும் இறால்களும் குஞ்சுப்பருவத்தைக் கழிமுகத்தில் கழிக்கின்றன, அங்கே கலங்கல் இருப்பதால் பெரிய மீன் கண்ணில் படாது, தீனியும் உண்டு. ஆற்றின் தள்ளுவிசை குறைந்தால் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும், கடல்நீர் ஆற்றுக்குள்ளும் நிலத்தடியிலும் ஏறும். புன்னைக்காயலுக்குக் கொஞ்சம் மேலே ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன. வெற்றிலைக் கொடி உப்பைத் தாங்காது. ஆறு கடலுக்குப் போனால்தான் கடல் கொடிக்காலுக்கு வராது என்று அங்கே மாணவர்களை அழைத்துப் போய் நிறுத்திச் சொல்வேன், வரைபடத்தில் சொன்னதைவிட வேகமாகப் புரிகிறது.

அலையாத்திக் காட்டில் மரத்தைச் சுற்றிக் குச்சி குச்சியாக நிற்பது என்ன?

வேர். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர். அங்கே சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, அதனால் வேர் மேல்நோக்கி வளர்ந்து காற்றை வாங்கி உள்ளே அனுப்புகிறது. அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும், உப்பை இலை வழியாகத் தள்ளுகிறது. பிச்சாவரத்தில் பார்ப்பது எளிது, பக்கத்துச் சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இந்தக் காட்டு மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்காதீர்கள்.

மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுக்கிறது என்றால் செத்துவிட்டது என்று பொருளா?

உடனே இல்லை. பவளம் ஒரு விலங்கு, அதன் திசுவுக்குள் நுண்பாசி குடியிருந்து வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது, நிறமும் அதனால்தான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதல் சூடு சில வாரம் நீடித்தால் அந்த உறவு முறிந்து பாசி வெளியேறும், வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரியும். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், இல்லையென்றால் பவளம் பட்டினியால் சாகும். இங்கே 2010-இலும் 2016-இலும் பெரிய அளவில் வெளுத்தது.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள், கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவித்தார்கள். முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையை உடைக்கும் பார் போனதும் தீவுகள் கரைந்தன, விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது. பவளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பக்கத்தில் இருக்கும் கடற்புல்லை யாரும் கவனிப்பதில்லை. அது பாசி கிடையாது, பூத்துக் காய்க்கும் தாவரம். கடல்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல். கடல்பசுவை நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, நாட்டில் இதுவே முதலாவது.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறது என்பது சரியா?

உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைக் கடல் மிதவைப் பாசிகள் செய்கின்றன, அதுவரை சரி. ஆனால் அப்படி வரும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட முழுவதையும் கடல் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. காற்றில் இருக்கும் கையிருப்பு கோடிக்கணக்கான ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

கடல் முழுவதும் ஒரே அளவு மீன் இருக்குமா?

இருக்காது. வெளிச்சம் மேலே, சத்து கீழே, இதுதான் கடலின் சிக்கல். தெளிந்த கடலிலேயே 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் போதாது, செத்ததெல்லாம் அதற்கும் அடியில் போய்ச் சேருகிறது. அடித்தண்ணீர் மேலே ஏறும் இடத்தில் மட்டும் விருந்து. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கன்னியாகுமரியிலிருந்து கேரளக் கரை நெடுக இப்படி ஏறுகிறது, மத்தி அங்கே கொழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நெத்திலி மலிவு, வஞ்சரம் விலை அதிகம், இதற்கும் சூழலியலுக்கும் தொடர்பு உண்டா?

ஓரளவு உண்டு. உணவுச் சங்கிலியின் ஒரு படியில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகிறது என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து இந்த ஆற்றல் கணக்கை 1942-இல் வெளிவந்த கட்டுரையில் போட்டவர் ரேமண்ட் லிண்டமன், அச்சில் பார்க்கும் முன்பே இளம்வயதில் இறந்துவிட்டார். நெத்திலி மிதவை உயிரியைத் தின்பது, வஞ்சரம் நெத்திலி போன்றவற்றைத் தின்பது. ஒரு படி மேலே, அதனால் எண்ணிக்கையும் குறைவு.

சரி, நான் எங்கிருந்து தொடங்குவது?

வீட்டுக்குப் பக்கத்துக் குளத்திலிருந்து. வெள்ளைப் பீங்கான் தட்டு, தேநீர் வடிகட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெப்பமானி, நோட்டுப் புத்தகம் போதும். 20 செண்டிமீட்டர் அகலமுள்ள தகர மூடியை நான்கு கால்பகுதியாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்து, எடை கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கிப் பாருங்கள், கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். 1865-இல் ஏஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கித் தொடங்கிவைத்த முறை, இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். வாரம் ஒருமுறை, ஒரே இடம், ஒரே நேரம். முடிந்தால் மாதம் ஒருநாள் விடியுமுன்னும் மதியமும். மறுகால் பாய்ந்த நாள், மடை திறந்த நாள், முதல் கொக்குக் கூட்டம் வந்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. கடல் உயிரியல் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் நீச்சலையும் கற்றுக்கொள்ளுங்கள், படகில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். வேலையின் பெரும்பகுதி நுண்ணோக்கி முன்னால்தான் நடக்கும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, மண்டபத்தில் 1947-இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சேரும் முன்பு ஒரு நாள் கரையில் வலை இழுத்து முடிந்த நேரத்தில் போய் நில்லுங்கள், எந்த மீன் எந்த மாதம் எந்தக் காற்றுக்கு வரும் என்று வலையைக் கழுவிக்கொண்டிருக்கும் அண்ணாச்சியிடம் கேளுங்கள், நோட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.